நூற்று நான்கு டெசிபல்

2026 ஜனவரி 20, செவ்வாய்

அறிவியல் அறையைத் திறந்தால் நாற்காலி. நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், விட்டம் வரைக்கும். அவற்றுக்குப் பின்னால் கூடாரக் கம்பிகள், சுருட்டி வைத்த தார்ப்பாய், ஒரு பெரிய சோற்றுக் குண்டான். எனக்குப் பின்னால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் பேட்டரியும் ஒயருமாக நிற்கிறார்கள். இன்றைக்கு மின்சுற்று செய்யலாம் என்று போன வாரமே சொல்லி வைத்திருந்தேன்.

யாருடைய சாமான் என்று கேட்கவே வேண்டாம். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் திருவாளர் சிவநேசன். கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழில். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் பெரிய தண்ணீர்ப் பந்தல் போடுகிறார். அதற்கு வேண்டிய தட்டுமுட்டு எல்லாம் இப்போது என் அறையில்.

தலைமையாசிரியையிடம் போனேன். “ரெண்டு வாரம்தானே கிறிஸ்டல், கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்குங்க லா. கூரைக்குச் சாயம் அடிச்சுக் கொடுத்தது யாரு?” என்றார். ஆமாம், சாயம் அடித்தார். அதற்காக என் தலையில் நாற்காலியை ஏற்றலாமா? பிள்ளைகள் நடைபாதையில் உட்கார்ந்து மின்சுற்று செய்தார்கள். ஒரு பல்பு உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது.

ஜனவரி 22, வியாழன்

“என்னா டீச்சர், சௌக்கியமா?” என்று சிரிக்கிறார் அந்த மனிதர். சௌக்கியமாம்! என் அறை எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

ஏப்ரலில் மாவட்ட ஸ்டீம் விழா. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் எல்லாவற்றையும் பிள்ளைகள் கையால் செய்து காட்ட வேண்டுமாம். மற்ற பள்ளிகள் என்ன கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். கடையில் பெட்டியோடு விற்கிற ரோபோ. அதைப் பொருத்தியது அப்பா, படம் எடுத்தது அம்மா, பக்கத்தில் நின்று மனப்பாடம் சொல்வது பிள்ளை. எனக்கு அந்தக் கூத்து வேண்டாம்.

என் அறிவியல் குழுவில் இருக்கும் ஆறு பேரையும் கூப்பிட்டு, இந்த ஊரில் உங்களுக்கு எரிச்சலாக இருப்பது எது என்று கேட்டேன். குப்பை என்றான் தனேஷ். கார் நெரிசல் என்றான் கோகிலன். காமினி கொஞ்சம் யோசித்துவிட்டு, “தைப்பூசத்துல பந்தல் ஸ்பீக்கர் சத்தம் டீச்சர். போன வருசம் ரெண்டு நாளைக்கு என் காது ஙொய்னு இருந்துச்சு,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அளந்து பார்த்தால் என்ன?

காமினி நல்ல பிள்ளை. எதையும் ஒருமுறை அளந்து நம்ப மாட்டாள். மேசையின் நீளத்தை இடமிருந்து வலமாக அளந்துவிட்டு, வலமிருந்து இடமாகவும் அளப்பாள். மற்றவர்கள் கிண்டல் செய்தால் கண்டுகொள்ள மாட்டாள். பதினேழு வருடம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், இப்படி ஒரு பிள்ளை கிடைப்பது அபூர்வம்.

பந்தல் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது யாருடைய பந்தல் என்று இங்கே எழுத வேண்டுமா என்ன?

ஜனவரி 30, வெள்ளி

பெஞ்சமின் தான் வேலை செய்யும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி வந்தார். பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறார்களாம். “ஒடச்சிறாத. அப்பறம், அந்த ஆளுகூடச் சண்டை போடத்தான் போறேன்னா என் பேரச் சொல்லாத,” என்றார். கட்டிய புருஷனுக்கே என்மேல் இவ்வளவு நம்பிக்கை.

பிள்ளைகளோடு விதி எழுதினோம். பத்துப் பந்தல்கள். ஒவ்வொன்றுக்கும் சாலையின் எதிர்ப்பக்க நடைபாதை விளிம்பில் நின்று அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மூன்று முறை என்பது காமினி சேர்த்த விதி.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

கால் வீங்கிவிட்டது. வெயில், கூட்டம், உடைத்த தேங்காய் எல்லாம் காலடியில். இரண்டு அம்மாக்கள் துணைக்கு வந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு பிள்ளையையாவது தொலைத்திருப்பேன்.

ஒன்பது பந்தல்களை ஒழுங்காக அளந்தோம். தொண்ணூறு, தொண்ணூற்று இரண்டு, அதிகம் போனால் தொண்ணூற்று ஐந்து டெசிபல். பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. கடைசியில் சிவநேசன் பந்தல். வாசலிலேயே அவர் படம் போட்ட பதாகை, முருகன் படத்தைவிட ஒரு சாண்தான் சிறிது. அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரு காவடி வேறு வந்து சேர்ந்தது. மோர் வாங்கப் போன பிள்ளைகளைத் தேடி நான் அந்தப் பக்கம் ஓட, காமினி இந்தப் பக்கம் மீட்டரைப் பிடித்தாள். அவள் எண்ணைக் கத்திச் சொல்ல, தனேஷ் எழுதினான். நூற்று நான்கு!

“டீச்சர், இன்னும் ரெண்டு தடவ அளக்கணும்,” என்றாள் காமினி. நகர முடியவில்லை. போதும், வா என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நூற்று நான்கு. வீட்டுக்கு வந்து பெஞ்சமினிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பிள்ளைகள் பெரிய அட்டையில் பந்தலுக்கு ஒரு கம்பி என்று கம்பி வரைபடம் போட்டார்கள். ஒன்பது கம்பிகள் ஏறக்குறைய ஒரே உயரம். பத்தாவது மட்டும் தனியாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குச் சிவப்பு அடிக்கச் சொன்னேன். பார்க்கப் பார்க்க அப்படி ஒரு திருப்தி!

பிப்ரவரி 6, வெள்ளி

பந்தல் முடிந்து மறுபடி இங்கேயே வந்து இறங்கிய நாற்காலிகளை ஒருவழியாக எடுத்துப் போய்விட்டார்கள். குண்டானை மறந்துவிட்டார்கள். அதில் இரண்டு எலிக்குஞ்சுகள்.

பிப்ரவரி 11, புதன்

விஷயம் சிவநேசன் காதுக்குப் போய்விட்டது. ஆசிரியர் அறைக்கே வந்தார். “டீச்சர், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு சாமி காரியத்துல நொட்ட சொல்றீங்களா?” பந்தலின் சத்தத்தைத்தான் அளந்தோம், சாமியை அல்ல என்றேன். “மத்த பந்தலுக்கு ஏன் செவப்பு இல்ல?” என்றார். அதிகமாக இருப்பதற்குத்தான் சிவப்பு என்றேன். இரண்டு பேரும் கத்தினோம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 12, வியாழன்

இப்போது எல்லோருக்கும் நான்தான் வில்லி. சிற்றுண்டிச்சாலை அக்காகூடத் தேநீரில் சர்க்கரை போட மறக்கிறார். மறக்கிறாரா, வேண்டுமென்றே செய்கிறாரா? அவர் தம்பி அந்தப் பந்தலில்தான் வருடா வருடம் பானகம் கலக்குகிறாராம்.

ஏப்ரல் 20, திங்கள்

தலைமையாசிரியையின் அறையில் பஞ்சாயத்து. அவர், சிவநேசன், நான். அந்த அட்டை விழாவுக்குப் போகக் கூடாதாம். வேறு ஏதாவது செய்யுங்கள், எரிமலை செய்யுங்கள், சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்குமே என்கிறார் தலைமையாசிரியை. ஐந்து நாளில் எரிமலை! பிள்ளைகள் வெயிலில் நடந்து அளந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு வினிகர் ஊற்ற வேண்டுமாம்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அந்த மனிதர் சொன்னார்: “நீங்க சர்ச்சுக்குப் போறவங்க டீச்சர். எங்க தைப்பூசம் ஒங்களுக்கு எங்க புரியப் போவுது?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தப் பினாங்கில் பிறந்து, சின்ன வயதிலிருந்து ரதம் பார்த்து, அந்தப் பந்தல்களிலேயே சாப்பிட்டு வளர்ந்தவள் நான். என்னைப் பார்த்து எங்கே புரியும் என்கிறார். என்ன திமிர்! “மீட்டருக்குச் சாதி மதம் தெரியாது சார். அது காட்டினதுதான் அட்டையில இருக்கு. பொய்னா நிரூபிங்க,” என்றேன்.

கடைசியில் தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். பந்தல்களின் பெயரை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று எழுத்துப் போட வேண்டும். சரி என்றேன். ஜெயித்துவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

பள்ளி முடிந்து அட்டையைச் சுருட்டும்போது காமினி மட்டும் போகாமல் நின்றாள். அம்மாவின் போனைக் கொண்டு வந்திருந்தாள்.

“டீச்சர், கடைசிப் பந்தலு தப்பு.”

அன்றைக்கு வந்த காவடி அவளுடைய சித்தப்பாவின் காவடியாம். யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். காட்டினாள். காவடி பந்தலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. உறுமி அடிப்பவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். பந்தல் ஆள் ஒருவன் உள்ளே பார்த்துக் கையைக் காட்டுகிறான், ஸ்பீக்கரில் பாட்டு நின்றுவிடுகிறது. அப்புறம் கேட்பதெல்லாம் உறுமிதான். சித்தப்பா ஆடுகிறார். ஓரத்தில் மீட்டரைத் தூக்கிப் பிடித்தபடி காமினி.

“காவடி வந்து நின்னா பந்தல்ல பாட்ட நிறுத்திடுவாங்க டீச்சர். அது மரியாத. நான் அன்னிக்குக் கவனிக்கல. நூத்தி நாலு ஸ்பீக்கர் சத்தம் இல்ல, உறுமி சத்தம்.”

எனக்கு அந்த வழக்கம் தெரியாது. இத்தனை வருடம் பார்த்தும் கவனித்ததில்லை. எங்கே புரியும் என்று அந்த ஆள் கேட்டது காதில் அப்படியே ஒலித்தது. அதுதான் தாங்கவில்லை.

“ஒன்பது பந்தல மட்டும் காட்டலாம் டீச்சர். இல்லாட்டி அடுத்த வருசம் மறுபடி அளக்கலாம்,” என்றாள் அந்தப் பிள்ளை. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! இப்போது போய் அந்த ஒரு கம்பியை எடுத்தால் அவர் என்ன சொல்வார்? ஊர் முழுக்க டமாரம் அடிக்க மாட்டாரா?

நான் சொன்னது இதுதான். சொன்னபடியே எழுதுகிறேன். “மீட்டரைப் பிடிச்சது நீ. நூத்தி நாலுன்னு சொன்னது நீ. சனிக்கிழமை யாரு கேட்டாலும் அதையே சொல்லு. இதப் பத்தி வேற யாருகிட்டயும் வாயத் திறக்காத.”

“சரி டீச்சர்,” என்றாள். போனைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பி. மற்ற ஒன்பதும் உண்மைதானே?

ஏப்ரல் 25, சனி

இரண்டாம் இடம்! நம் தமிழ்ப் பள்ளிக்கு மாவட்ட அளவில் முதல் தடவையாகக் கேடயம்.

சுற்றிலும் ரோபோக்கள். ஒன்று மேசையிலிருந்து விழுந்து கை உடைந்தது, அந்தப் பள்ளி ஆசிரியர் பிள்ளையைத் திட்டினார். நடுவர் புவான் நோர்மா என்ற மலாய்க்கார அம்மா எங்கள் மேசையில்தான் அதிக நேரம் நின்றார். நேரில் போய் அளந்தீர்களா, இத்தனை பேரும் நடந்தா போனீர்கள் என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சிவப்புக் கம்பியைத் தொட்டு, இதை யார் அளந்தது என்றார்.

காமினி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு, நான்தான் அளந்தேன், நூற்று நான்கு என்று மலாயில் திருத்தமாகச் சொன்னாள். மூன்று முறையும் அதே எண்ணா என்று கேட்டார் நடுவர். ஆமாம் என்றாள், அன்றைக்கு ஒரே ஒரு எண்ணை எழுதிய தனேஷ் பக்கத்திலேயே நிற்க.

அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று முறை என்று சொல்லச் சொல்லி நான் சொல்லவே இல்லை!

படம் எடுக்கும்போது கேடயத்தை அவள் கையில் கொடுத்தேன். தனேஷிடம் தள்ளிவிட்டாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சிவநேசன் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பேசினார்.

“டீச்சர், என் சின்ன மக போன்ல படத்தக் காமிச்சா. எழுத்துப் போட்டாலும் எங்க பந்தலுன்னு ஊருக்கே தெரியுது. பந்தல் குழுவுல பேசிட்டோம். அடுத்த வருசம் ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிய எடுத்துடுறோம். பச்சப்புள்ளைங்க நிக்கிற எடம். காவடி வந்தா பாட்ட நிறுத்துற பந்தலு எங்களுது. மத்தவனெல்லாம் நிறுத்த மாட்டான். அப்படி இருந்தும் நூத்தி நாலுன்னா, தப்பு எங்க மேலதான்.”

நான் மேசைமேல் இருந்த நோட்டுகளை அடுக்கினேன். அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். “ஆனா ஒண்ணு. ஜூலைல ஒங்க செயிண்ட் ஆன்ஸ் சர்ச்சுத் திருவிழா வருதுல்ல? அங்கயும் போயி அளங்க. எல்லாருக்கும் ஒரே மீட்டருதானே?”

“போவோம். எனக்கென்ன பயமா?” என்றேன்.

இந்த ஆளைப் பிடிக்கவே இல்லை. இன்றைக்கு நல்லவர் மாதிரிப் பேசியதால் இன்னும் பிடிக்கவில்லை.

மே 6, புதன்

காமினி குழுவுக்கு வரவில்லை. போன வாரமும் வரவில்லை.

மே 8, வெள்ளி

காமினியின் அம்மாவைப் பள்ளி வாசலில் பிடித்தேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே பேசினார். “தெரியல டீச்சர். சயன்ஸ் பிடிக்கலையாம். பூப்பந்து வெளாடப் போறாளாம். நான் என்னா செய்ய?” பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை அதட்டிக் கேட்கத் தெரியாதா இந்த அம்மாவுக்கு? எனக்கு அப்படி ஒரு கோபம்.

கோபம் யார்மேல்?

மே 13, புதன்

இடைவேளையில் காமினியைக் கூப்பிட்டேன். குழுவுக்கு வா, அடுத்தது புதுசா செய்யலாம், நீதான் தலைவி என்றேன். “சரி டீச்சர்,” என்றாள். வீடியோ விஷயமாக மனசில் ஏதாவது இருந்தால் சொல் என்றேன். “ஒண்ணும் இல்ல டீச்சர்,” என்றாள். வரவில்லை.

பதினொரு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு அழுத்தமா? நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? யாருக்கு என்ன நஷ்டம்? பந்தல்காரர் ஸ்பீக்கரைக் குறைக்கப் போகிறார், ஊருக்கு நல்லது. பள்ளிக்குக் கேடயம். தலைமையாசிரியை அதைத் தன் மேசைமேலேயே வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அறிவியல் அறையில் இனி நாற்காலி அடுக்கக் கூடாது என்று கடிதமே போட்டுவிட்டார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

இதைப் பெஞ்சமினிடம் சொன்னேன், வீடியோவையும் சேர்த்து. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டியா?” என்றார். நான் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டேன்.

ஜூன் 24, புதன்

அறிவியல் பாடத்தில் சோதனை. எந்த ஊசல் குண்டு வேகமாக ஆடுகிறது என்று அளக்க வேண்டும். காமினி ஒருமுறை அளந்து எழுதிவிட்டு, புத்தகத்தை மூடிக் கைகட்டி உட்கார்ந்தாள். மறுபடி அளந்து பார்க்கவில்லையா என்றேன். “ஒரு தடவ போதும் டீச்சர்.”

ஜூலை 25, சனி

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இப்போதுதான் வந்தோம். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளை அங்கே செயிண்ட் ஆன்ஸ் திருவிழாவுக்கு அழைத்துப் போனேன். பெஞ்சமின் வேன் ஓட்டினார். ஐந்து பேர் வந்தார்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும், அளந்ததை அப்படியே சிவநேசன் முன்னால் வைக்க வேண்டும், எண் எவ்வளவு வந்தாலும் சரி என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். அதன்பிறகு அந்தச் சிவப்புக் கம்பியைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

நல்ல கூட்டம். ஊர்வலம் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. பிள்ளைகளை ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். தனேஷ் மீட்டரைப் பையிலிருந்து எடுத்தான், கோகிலன் தாளை விரித்தான். அளக்கலாம் என்றேன்.

தனேஷ் மீட்டரைத் தூக்கவில்லை.

“டீச்சர், எவ்ளோ வரணும்?”

புரியவில்லை. என்னடா எவ்வளவு என்றேன்.

“நம்பரு டீச்சர். இது ஒங்க கோயிலுல்ல? கம்மியாதானே வரணும்? தள்ளிப் போயி நின்னு பிடிக்கட்டா, இல்ல பாட்டு நிக்கிற வரைக்கும் இருக்கட்டா?”

கிண்டல் இல்லை. குத்தல் இல்லை. எனக்கு உதவி செய்யத்தான் கேட்டான். மற்ற நான்கு பேரும் அதைக் கேட்டு ஆச்சரியப்படவும் இல்லை. கோகிலன் பென்சிலைத் தாளில் வைத்துவிட்டான். ஐந்து பேரும் நான் சொல்லப்போகும் எண்ணுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.